ஒற்றரும் எள்ளலும்: பனிப்போர்க் காலத்துச் சிரிப்பின் வரலாறு

திருக்குறளின் பொருட்பாலில் 59ஆம் அதிகாரம் ஒற்றாடல். நாட்டை ஆள்பவனுக்கு ஒற்றர் ஏன் வேண்டும், அவர் எவ்வாறு இயங்க வேண்டும், அவர் கொண்டுவரும் செய்தியை எவ்வாறு சரிபார்க்க வேண்டும் என்பவற்றைப் பத்துக் குறட்பாக்களில் வள்ளுவர் சொல்லி முடிக்கிறார். ஓர் ஒற்றன் சொன்னதை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சோதித்துக்கொள்ள வேண்டும். ஒற்றர் ஒருவரையொருவர் அறியாதவாறு ஆள வேண்டும். துறவியின் கோலம் பூண்டும் அவர் செல்லலாம். அதிகாரத்தின் கடைசிக் குறள் கூறும் அறிவுரை நம் உரைக்குத் தொடக்கமாக அமையத் தக்கது. ஒற்றனுக்குப் பிறர் அறியச் சிறப்புச் செய்யலாகாது; செய்தால் மறைக்க வேண்டியதை அரசனே வெளிப்படுத்தியவன் ஆவான்.

இருபதாம் நூற்றாண்டின் திரைப்படம் இவ்வறிவுரைக்கு நேர்மாறான ஓர் ஒற்றனைப் படைத்தது. 1962இல் வெளிவந்த 'டாக்டர் நோ' படத்தில் ஜேம்ஸ் பாண்ட் முதன்முதலாக நமக்கு அறிமுகமாவது ஒரு சூதாட்ட மேசையில். முன்பின் அறியாத பெண்ணொருத்தியிடம் தன் உண்மைப் பெயரைச் சொல்லித் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறான். மறைந்து வாழ வேண்டியவன் உலகறிந்த நாயகன் ஆகிறான். இம்முரண்பாடு மக்களைக் கவர்ந்தது. விரைவிலேயே அவர்களின் சிரிப்புக்கும் இடமானது.

ஒற்றர் திரைப்படம், 'ஸ்டாண்ட்-அப் காமெடி' என்று இளையோர் அழைக்கும் மேடைத் தனிநகைச்சுவை, அசைவூட்டப் பகடி ஆகிய மூன்றும் நம் மாணவர்கள் நாள்தோறும் கைப்பேசியில் காணும் கலைகள். இவற்றைப் பற்றி நம்மிடையே இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர் ஒரு சாரார். சிரிப்பு என்றாலே அதிகாரத்தை எதிர்க்கும் துணிவு என்று போற்றுவோர் மற்றொரு சாரார். இரண்டுமே முழுமையற்றவை என்பது இவ்வுரையின் கருத்து. இம்மூன்று கலைகளும் நாம் இன்று காணும் வடிவத்தைப் பெரிதும் பெற்ற காலம், 1940களின் இறுதியிலிருந்து 1960களின் இறுதி வரையிலான பனிப்போர்க் காலம். அக்காலத்தை உற்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படுகிறது. அதிகாரம் சிரிப்பைக் கண்டு எப்போதும் அஞ்சுவதில்லை. அச்சிரிப்பு யாரை நோக்கிச் செல்கிறது என்பதையே அது கவனிக்கிறது. தன்னை நோக்கி வந்தால் தண்டிக்க முனைகிறது. பகைவரை நோக்கிச் சென்றால் பொருளுதவியும் செய்கிறது.

தொல்காப்பியம் தரும் அளவுகோல்

வரலாற்றுக்குள் நுழையுமுன் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை பிறப்பதற்குரிய நிலைக்களங்கள் நான்கு என்று கூறி, அவற்றுள் எள்ளலை முதலில் வைக்கிறது. எள்ளலாவது இகழ்ந்து நகுதல். அதே நூலின் செய்யுளியல் அங்கதத்தை இருவகையாகப் பிரிக்கிறது. பழிக்கப்படுபவரை வெளிப்படையாகவே பழிப்பது செம்பொருள் அங்கதம். பழியை மறைத்து, வேறொன்றைச் சொல்வதுபோலச் சொல்வது பழிகரப்பு அங்கதம்.

இப்பாகுபாடு செய்யுளுக்காக வகுக்கப்பட்டதேனும், நாம் எடுத்துக்கொண்ட கலைகளை அளப்பதற்கும் நன்கு பொருந்துகிறது. மேடையில் ஒருவர் ஒலிவாங்கியின் முன் நின்று, ஆட்சியாளரின் பெயரைச் சொல்லி நகையாடினால் அது செம்பொருள். பன்றியையும் குதிரையையும் வரைந்து, அவற்றின் வழியே ஓர் அரசை நகையாடினால் அது பழிகரப்பு. முதலாவதில் சொல்பவர் கண்முன் நிற்பதால் அவரைப் பிடித்துத் தண்டிப்பது எளிது. இரண்டாவதில் சொல்பவர் தப்பக்கூடும். ஆயினும் பொருள் மறைந்திருப்பதால் அதை வேறொருவர் தமக்கேற்பத் திருப்பிவிட இயலும். இவ்விரு இடர்களுக்கும் பனிப்போர் வரலாற்றில் தெளிவான சான்றுகள் உள்ளன.

உலகறிந்த ஒற்றன்

ஆங்கில ஒற்றர் கதைகளை எழுதியோரில் முதன்மையான மூவர் தாமே உளவுப் பணியில் இருந்தவர்கள். ஜேம்ஸ் பாண்டைப் படைத்த இயன் ஃபிளெமிங் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படை உளவுப் பிரிவில் பணியாற்றியவர். அவருடைய முதல் புதினமான 'கசினோ ராயல்' 1953இல் வெளிவந்தது. கிரஹாம் கிரீன் அதே போர்க்காலத்தில் பிரிட்டனின் வெளிநாட்டு உளவுத்துறையில் பணிபுரிந்தார். ஜான் லெ காரே என்ற புனைபெயரில் எழுதிய டேவிட் கார்ன்வெல் பனிப்போரின்போது அப்பணியில் இருந்தார். ஆயினும் மூவரும் வரைந்த ஒற்றர் உருவங்கள் முற்றிலும் வேறானவை.

ஃபிளெமிங்கின் ஒற்றன் அழகன், வீரன், தோல்வி அறியாதவன். போருக்குப் பின் குடியேற்ற நாடுகளை ஒவ்வொன்றாக இழந்துகொண்டிருந்த பிரிட்டனுக்கு, உலகைக் காப்பவன் இன்னும் தன் மகனே என்ற ஆறுதலை அவன் அளித்தான். 1961இல் அமெரிக்க அதிபர் கென்னடி விரும்பிப் படிக்கும் நூல்களின் பட்டியலை 'லைஃப்' இதழ் வெளியிட்டபோது, அதில் ஒரு பாண்ட் புதினமும் இடம்பெற்றது. மறு ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் 'டாக்டர் நோ' லண்டனில் திரையிடப்பட்டது. கரீபியன் கடலிலுள்ள ஒரு தீவிலிருந்து அமெரிக்க ஏவுகணைகளைத் திசைதிருப்பும் வில்லனைப் பற்றிய கதை அது. அதே மாதத்தில், அதே கடலில், கியூபாவில் நிறுவப்பட்ட சோவியத் ஏவுகணைகளால் உலகம் அணுப்போரின் விளிம்பிற்குச் சென்று மீண்டது.

இங்கே ஒரு நுட்பமான மாற்றத்தை நாம் கவனிக்க வேண்டும். ஃபிளெமிங்கின் தொடக்ககாலப் புதினங்களில் பாண்டின் பகைவர் சோவியத் உளவு அமைப்பினர். திரைப்படங்களிலோ அவ்விடத்தில் 'ஸ்பெக்டர்' என்னும் கற்பனைக் குற்றக்கும்பல் அமர்த்தப்பட்டது. 1963இல் வந்த 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' படத்திலும் இரு வல்லரசுகளையும் மோதவிட்டுப் பயன்பெற முயல்வது அக்கும்பலே. பகைவன் யார் என்பது கதையின் தேவையால் மட்டும் முடிவாவதில்லை. காலமும் சந்தையும் அரசியலும் அதை முடிவுசெய்கின்றன.

லெ காரே இப்பொலிவை ஏற்கவில்லை. 1963இல் வெளிவந்து 1965இல் படமான அவருடைய 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் த கோல்ட்' கதையில் ஒற்றன் களைத்தவன், தன் மேலதிகாரிகளாலேயே ஏமாற்றப்படுபவன். பெர்லின் சுவரடியில் உயிர் துறக்கிறான். பாண்ட் படங்களின் புகழ் உச்சத்திலிருந்த அதே ஆண்டுகளில் இப்படமும் ஓடியது. ஆகவே, ஒற்றர் படம் என்றாலே அரசின் புகழ்மாலை என்று நாம் கருதிவிடல் ஆகாது.

ஒற்றனைக் கண்டு நகைத்தல்

வீர ஒற்றன் தோன்றிய வேகத்திலேயே கேலிக்குரிய ஒற்றனும் தோன்றினான். கிரஹாம் கிரீன் 1958இல் எழுதிய 'அவர் மேன் இன் ஹவானா' இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஹவானா நகரில் தூசி உறிஞ்சும் கருவி விற்கும் ஒருவரைப் பிரிட்டிஷ் உளவுத்துறை தன் ஆளாக அமர்த்துகிறது. மகளின் செலவுக்குப் பணம் தேவைப்படுவதால் அவர் இல்லாத ஆள்களைப் புனைந்து அவர்கள் பெயரில் ஊதியம் பெறுகிறார். கருவியின் உறுப்புகளைப் பெரிதாக வரைந்து, மலைக்குள் மறைந்திருக்கும் பேராயுதம் என்று லண்டனுக்கு அனுப்புகிறார். லண்டனும் நம்பிவிடுகிறது. ஓர் ஒற்றன் சொன்னதை இன்னோர் ஒற்றனால் சரிபார்க்க வேண்டும் என்ற வள்ளுவரின் விதியை மறந்த அரசின் கதை இது என்று நாம் சொல்லலாம். கரோல் ரீட் இயக்கத்தில், அலெக் கின்னஸ் நடிப்பில் 1959இல் இது திரைப்படமாயிற்று. காஸ்ட்ரோவின் புரட்சி வென்ற சில மாதங்களில் ஹவானாவிலேயே காட்சிகள் படமாக்கப்பட்டன.

அதே 1959இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஜே வார்ட் தயாரித்த ஓர் அசைவூட்டத் தொடர் தொடங்கியது. ராக்கி என்னும் பறக்கும் அணிலும் புல்விங்கிள் என்னும் கடமானும் அதன் நாயகர்கள். பாட்சில்வேனியா என்ற கற்பனை நாட்டிலிருந்து வரும் போரிஸ், நடாஷா என்னும் இரு ஒற்றர்கள் வில்லர்கள். ஒவ்வொரு சூழ்ச்சியும் அவர்கள் தலையிலேயே வந்து விழும். உச்சரிப்பும் பெயர்களும் ரஷ்யரை நினைவூட்டின. அச்சத்தின் நடுவே வளர்ந்த குழந்தைகளுக்குப் பகைவனைச் சிரித்துக் கடக்கும் வழியை இத்தொடர் காட்டியது. ஆயினும் அதில் பெரும்பங்கு எள்ளல் எதிர்முகாமை நோக்கியதே.

1965இல் மெல் புரூக்ஸும் பக் ஹென்றியும் உருவாக்கிய 'கெட் ஸ்மார்ட்' தொலைக்காட்சித் தொடர் ஒருபடி மேலே சென்றது. மெல் புரூக்ஸ் இளமையில் விடுமுறை விடுதிகளில் தனிநகைச்சுவை நிகழ்த்தியவர். இத்தொடரின் நாயகனான 86ஆம் எண் ஒற்றன் தன் காலணியையே தொலைபேசியாகப் பயன்படுத்துகிறான். மறைபொருள் பேசுவதற்கென்று அலுவலகத்தில் ஒரு கண்ணாடிக் கவிகை உண்டு. அதனுள் அமர்ந்து பேசுவோர்க்கு ஒருவர் சொல்வது மற்றவர்க்குக் கேட்பதில்லை. இங்கே நகைப்புக்குள்ளாவது எதிரி மட்டுமன்று. சொந்த நாட்டு உளவுத்துறையின் மறைப்புப் பித்தும் ஆகும்.

சோவியத் நாட்டிலும் இத்தகைய முயற்சி இருந்தது. 1967இல் சோயுஸ்முல்ட்ஃபில்ம் நிறுவனத்தில் யெஃபிம் கம்பூர்க் இயக்கிய 'ஷ்பியோன்ஸ்கியே ஸ்த்ராஸ்தி' என்னும் குறும்படம், ஒற்றர் திரைப்படங்களின் மிகைப்பாணியையே பகடி செய்தது. வெளிநாட்டு உளவுத்துறை உயிரைக் கொடுத்துக் கவர முயலும் மாபெரும் மறைபொருள், பல் மருத்துவரின் புதுவகை நாற்காலி. சோவியத் பார்வையாளர் தாம் பார்த்துப் பழகிய படங்களை நினைத்துச் சிரித்தனர். எனினும் அப்பகடி கேலி செய்தது திரைப்பாணியையும் அயல்நாட்டு ஒற்றரையுமே. அதற்கு அப்பால் செல்ல அங்கே இடமில்லை.

பகடி தன் மூலத்தையே மாற்றவல்லது என்பதற்குப் பிற்காலச் சான்று ஒன்றும் உண்டு. 1997இல் மைக் மையர்ஸ் நடித்த 'ஆஸ்டின் பவர்ஸ்' படம் பாண்ட் படங்களின் வழக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்து நகையாடியது. 2006இல் புதிய பாண்டாக வந்த டேனியல் கிரெய்க், அப்பகடிக்குப் பின் பழைய பாணி வேடிக்கைகளைத் தொடர இயலாமற்போயிற்று என்ற கருத்தைப் பிறகு வெளியிட்டார். அவருடைய படங்களில் காணப்படும் இறுக்கத்திற்கு அதுவும் ஒரு காரணம்.

மேடையில் ஒருவர், அவையில் ஓர் ஒற்றர்

ஒற்றனைக் கேலி செய்த தொடர்கள் தடையின்றி ஒளிபரப்பான அதே அமெரிக்காவில், மேடையில் நின்று வெளிப்படையாகப் பேசியோரின் நிலை வேறாக இருந்தது. 1953இன் இறுதியில் சான் பிரான்சிஸ்கோவின் 'ஹங்ரி ஐ' அரங்கில் மார்ட் சால் என்னும் இளைஞர் அன்றைய செய்தித்தாளைக் கையில் ஏந்தி மேடையேறினார். அதுவரை மேடை நகைச்சுவையாளர்களிற் பலர் மாமியாரையும் மனைவியையும் பற்றிய துணுக்குகளையே சொல்லிவந்தனர். சால் பேசியது அரசியல். கம்யூனிச ஒற்றர்களைத் தேடுவதாகச் சொல்லி நாட்டையே அச்சுறுத்திய செனட்டர் மக்கார்த்தியை அவர் பெயர் சொல்லி நகையாடினார். 1960இல் 'டைம்' இதழின் அட்டையில் இடம்பெறுமளவு புகழ் பெற்றார். கென்னடிக்குத் தேர்தலின்போது நகைச்சுவைத் துணுக்குகள் எழுதித் தந்தவர் அவர். கென்னடி வென்ற பிறகு அவரையும் விட்டுவைக்கவில்லை. நேற்றுவரை உடன் சிரித்த நண்பர்களிற் பலர் அன்றுமுதல் சிரிக்க மறந்தனர்.

லென்னி புரூஸின் கதை இன்னும் துயரமானது. சமயம், இனவேற்றுமை, சட்டத்தின் இரட்டைநாக்கு ஆகியவற்றை அவர் கூரிய சொற்களால், பலநேரம் அன்று அவையில் சொல்லத் தகாதவை எனப்பட்ட சொற்களால், எள்ளினார். 1961இல் சான் பிரான்சிஸ்கோவில் ஆபாசக் குற்றச்சாட்டில் கைதாகி விடுவிக்கப்பட்டார். 1964 ஏப்ரலில் நியூயார்க்கின் ஓர் அருந்தகத்தில் நிகழ்ச்சி நடத்தியபோது மீண்டும் கைதானார்.

அவ்வழக்கின் ஒரு விவரம் நம் பொருளோடு நேரடியாகத் தொடர்புடையது. நகராட்சியின் உரிம ஆய்வாளர் ஒருவர் பார்வையாளர்போல அவையில் அமர்ந்து, புரூஸ் பேசியதைக் குறிப்பெடுத்திருந்தார். நீதிமன்றத்தில் அக்குறிப்புகளைக் கொண்டு அவரே அந்நிகழ்ச்சியை எடுத்துரைத்தார். இடமும் குரலும் முகபாவனையும் இன்றி, வெறும் சொற்களாக ஒப்பிக்கப்பட்ட நகைச்சுவை நீதிபதிகள்முன் அருவருப்பாகவே தோன்றியது. தாம் நிகழ்த்தியதற்காக அன்றி, அந்த ஆய்வாளர் மோசமாக நிகழ்த்திக் காட்டியதற்காகத் தாம் தண்டிக்கப்படுவதாகப் புரூஸ் முறையிட்டார். நகைச்சுவையை அதன் சூழலிலிருந்து பிரித்தெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் அரிது.

1964 நவம்பரில் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. நான்கு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டுக் காலத்தில் வெளியே இருந்த புரூஸ், அதற்கு ஒரு முடிவு வருமுன் 1966 ஆகஸ்டில், 40ஆம் அகவையில் போதைமருந்தால் இறந்தார். 2003 டிசம்பரில் நியூயார்க் மாநில ஆளுநர் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். இறந்தவர்க்கு அம்மாநிலம் வழங்கிய முதல் மன்னிப்பு அது. இடைப்பட்ட ஆண்டுகள் 39.

இதைக் கூறும்போது மறுபக்கத்தையும் நாம் மறத்தல் ஆகாது. ஸ்டாலின் காலத்துச் சோவியத் நாட்டில் தலைவரைப் பற்றிய ஒரு சிரிப்புத்துணுக்கைச் சமையலறையில் நண்பரிடம் சொன்னவர்கூட, அரசுக்கு எதிரான பரப்புரை என்னும் சட்டப்பிரிவின்கீழ் முகாமுக்கு அனுப்பப்பட்டதுண்டு. அங்கே மேடையும் இல்லை, வழக்கறிஞரின் வாதமும் இல்லை, பிற்காலத்து ஆளுநரும் இல்லை. இருநாட்டு நிலையையும் ஒன்றென்று கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஆயினும் செம்பொருள் அங்கதம் சொல்பவர் தம் உடலையே பிணையாக வைக்கிறார் என்பது இருபுறத்துக்கும் பொதுவான உண்மை.

மாற்றப்பட்ட முடிவு

இனிப் பழிகரப்பு அங்கதத்தின் வரலாற்றுக்கு வருவோம். ஜார்ஜ் ஆர்வெலின் 'அனிமல் ஃபார்ம்', அதாவது விலங்குப் பண்ணை, 1945 ஆகஸ்டில் லண்டனில் வெளிவந்தது. பண்ணை விலங்குகள் மனித முதலாளியை விரட்டிவிட்டுச் சமத்துவ ஆட்சி அமைக்கின்றன. பன்றிகள் சிறிது சிறிதாக ஆட்சியைக் கைப்பற்றிப் பழைய முதலாளியைப் போலவே ஆகின்றன. ரஷ்யப் புரட்சியையும் ஸ்டாலினையும் எள்ளும் இக்கதையைப் பல பதிப்பாளர்கள் ஏற்க மறுத்தனர். அப்போது சோவியத் நாடு பிரிட்டனின் போர்க்கூட்டாளி. ஒரு பதிப்பகம் முதலில் ஏற்று, தகவல் அமைச்சின் அதிகாரி ஒருவர் தந்த அறிவுரைக்குப் பின் கைவிட்டது. அவ்வதிகாரி பீட்டர் ஸ்மோலட் என்றும், அவர் சோவியத் உளவுத்துறைக்குப் பணியாற்றியவர் என்றும் ஆய்வாளர்கள் பின்னாளில் முடிவுகட்டினர்.

1947இல் இந்நூலின் உக்ரேனிய மொழிபெயர்ப்பு ஜெர்மனியிலிருந்த அகதிகளுக்காக அச்சிடப்பட்டது. அப்படிகளில் ஒரு பகுதியை அங்கிருந்த அமெரிக்க அதிகாரிகளே கைப்பற்றிச் சோவியத் தரப்பிடம் ஒப்படைத்தனர். பனிப்போர் முற்றிய சில ஆண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று. ஆர்வெல் 1950 ஜனவரியில் மறைந்தபின், அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ. இக்கதையைத் திரைப்படமாக்க மறைவாக நிதி வழங்கியது. தயாரிப்பாளர் லூயி டி ரோஷ்மான். படத்தை உருவாக்கியவர்கள் லண்டனைச் சேர்ந்த ஜான் ஹலாஸ், ஜாய் பாட்செலர் தம்பதியர். போர்க்காலத்தில் பிரிட்டிஷ் அரசுக்குத் தகவல் படங்கள் செய்து தேர்ந்தவர்கள். 1954 டிசம்பரில் நியூயார்க்கில் படம் வெளியானது. பிரிட்டனில் உருவாகித் திரையரங்குக்கு வந்த முதல் முழுநீள அசைவூட்டப்படம் எனப் பொதுவாக இது போற்றப்படுகிறது. எல்லா விலங்குகளுக்கும் மாரிஸ் டென்ஹம் என்னும் ஒரே நடிகர் குரல் கொடுத்தார்.

இத்திட்டத்தில் தமக்குப் பங்கிருந்ததை ஹோவர்ட் ஹண்ட் என்னும் சி.ஐ.ஏ. அதிகாரி 1974இல் வெளியிட்ட தன்வரலாற்றில் எழுதினார். வாட்டர்கேட் வழக்கில் சிறை சென்றவரும் இவரே. ஒற்றர் புதினங்கள் பலவற்றை எழுதியவரும் இவரே.

நாம் இங்கே கூர்ந்து நோக்க வேண்டியது படத்தின் முடிவு. நூலின் கடைசிக் காட்சியில் பன்றிகளும் அண்டைப் பண்ணை மனிதர்களும் ஒரே மேசையில் சீட்டாடிச் சச்சரவிடுகின்றனர். சன்னலுக்கு வெளியே நிற்கும் விலங்குகளுக்கு யார் பன்றி, யார் மனிதர் என்று பிரித்தறிய முடியவில்லை. மேற்கு நாட்டுத் தலைவர்களும் ஸ்டாலினும் ஒன்றுகூடிய 1943ஆம் ஆண்டுத் தெஹ்ரான் மாநாட்டை மனத்திற் கொண்டே அக்காட்சியை எழுதியதாக, உக்ரேனியப் பதிப்பின் முன்னுரையில் ஆர்வெல் விளக்கினார். ஆகவே அவருடைய எள்ளல் இருமுனை கொண்டது. புரட்சியைக் காட்டிக்கொடுத்த பன்றிகள் மட்டுமல்லர், அவர்களோடு அமர்ந்து அருந்தும் மனித முதலாளிகளும் அதற்குள் அடங்குவர்.

திரைப்படத்தின் கடைசிக் காட்சியில் மேசையைச் சுற்றி மனிதர் எவரும் இல்லை. பன்றிகள் மட்டுமே உள்ளன. நூலில் செய்வதறியாது நிற்கும் விலங்குகள், படத்தில் ஒன்றுதிரண்டு பன்றிகளின் ஆட்சியைத் தாக்கி வீழ்த்துகின்றன. மனிதரை நீக்கியவுடன் எள்ளலின் ஒரு முனை மழுங்கியது. எழுச்சியைச் சேர்த்தவுடன் கதை, இரும்புத்திரைக்கு அப்பாலுள்ள மக்களுக்கு விடுத்த அழைப்பாக மாறியது. பிரான்சஸ் ஸ்டோனர் சாண்டர்ஸ் 1999இலும், டேனியல் லீப் 2007இலும் வெளியிட்ட ஆய்வுநூல்கள் இவ்வரலாற்றை விரிவாக எடுத்துரைக்கின்றன.

ஒரே எள்ளற்கதையை ஒருமுகாமின் ஒற்றர் வெளிவராமல் தடுக்க முயன்றதாகக் கருதப்படுகிறது. எதிர்முகாமின் ஒற்றர் அதைத் திரைக்குக் கொண்டுவந்து முடிவையும் மாற்றச் செய்தனர். முதற்செயலைத் தணிக்கை என்று நாம் எளிதில் கண்டுகொள்கிறோம். இரண்டாவது, கலைக்கு அளித்த ஆதரவுபோலத் தோன்றுவதால் கண்ணுக்குப் படுவதில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள், படத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்வையாளர் அறியவில்லை.

மலாயாவில் திரையும் அரசும்

இவ்வரலாறு நடந்த ஆண்டுகளில் நம் மண்ணும் பனிப்போருக்கு அப்பாற்பட்டதாக இல்லை. 1948 முதல் 1960 வரை மலாயாவில் அவசரகாலம் நிலவியது. 1946இல் நிறுவப்பட்ட மலாயாத் திரைப்படப் பிரிவு, கம்யூனிசத்துக்கு எதிரான தகவல் படங்களை மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் உருவாக்கியது. தகவல் இலாகாவின் திரைப்பட ஊர்திகள் தோட்டங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் சென்றன. பால்வெட்டுத் தொழிலாளர் குடும்பங்கள் திடலில் பாய் விரித்து அமர்ந்து அப்படங்களைக் கண்டன.

அப்படங்களும் பரப்புரையே. எனினும், ஊர்தியின் மேல் அரசின் பெயர் எழுதப்பட்டிருந்தது. பேசுவது யார் என்பதை அறிந்தே தோட்டத்து மக்கள் பார்த்தனர். நம்புவதும் நம்பாததும் அவர்கள் விருப்பமாக இருந்தது. விலங்குப் பண்ணைப் படத்தைப் பார்த்தவர்களுக்கோ அவ்வாய்ப்புக் கிட்டவில்லை. பரப்புரை என்பதைவிட, பரப்புரை தன் முகத்தை மறைத்துக்கொண்டு நகைச்சுவையின் முகத்தை அணிந்ததே நாம் வருந்த வேண்டியது.

வகுப்பறைக்கு மூன்று வினாக்கள்

நம் கருத்துக்கு எதிராகச் சிலர் கூறக்கூடியதை இங்கே எண்ணிப்பார்ப்பது முறை. ஸ்டாலினைப் பற்றி ஆர்வெல் கூறியது உண்மை. அவ்வுண்மை பலரைச் சென்றடைய யார் பணம் கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். மேலும் ஆர்வெலே 1949இல், பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சின் மறைமுகப் பரப்புரைப் பிரிவுக்கு, கம்யூனிசச் சார்புடையோர் எனத் தாம் கருதியவர்களின் பெயர்ப்பட்டியலைக் கொடுத்தவர். எனவே அவர் மட்டும் தூயவர், பிறர் கறைபட்டவர் என்று நாம் வாதிடவில்லை. நாம் சொல்வது, பணம் கொடுத்தவர்கள் அவருடைய உண்மையில் ஒரு பாதியை மட்டுமே விரும்பினர் என்பதே. தமக்கும் பொருந்திய மறுபாதியை அவர்கள் நீக்கினர். மறைவாக வரும் ஆதரவு எதை நீக்குமாறு கேட்டது என்பதைப் பார்வையாளர் அறிய வழியில்லை. அதுவே அதன் தீங்கு.

ஆகவே ஒரு பகடியையோ மேடை நகைச்சுவையையோ வகுப்பில் எடுத்துக்கொள்ளும்போது மூன்று வினாக்களை மாணவர்முன் வைக்கலாம் என்று நாம் கருதுகிறோம். முதலாவது, இது யாரை நோக்கிச் சிரிக்கிறது? வலியோரையா, எளியோரையா, எதிர்முகாமை மட்டுமா, தன்னையும் சேர்த்தா? இரண்டாவது, இது யார் செலவில் உருவானது, அச்செலவு வெளிப்படையானதா? மூன்றாவது, மூலத்திலிருந்து எதை நீக்கியிருக்கிறது, எதைச் சேர்த்திருக்கிறது? கைப்பேசியில் முப்பது நொடித் துண்டாக வந்து சேரும் நகைச்சுவைக்கு இம்மூன்றாவது வினா இன்னும் இன்றியமையாதது. புரூஸின் நிகழ்ச்சியைக் குறிப்பேட்டிலிருந்து ஒப்பித்த ஆய்வாளர் செய்ததையே வெட்டி ஒட்டப்பட்ட அத்துண்டும் செய்கிறது.

இதற்குப் பெரிய ஏற்பாடுகள் எவையும் தேவையில்லை. உயர்நிலை வகுப்பில் விலங்குப் பண்ணை நூலின் இறுதி இயலை மாணவர் படித்தபின், படத்தின் இறுதிச் சில நிமிடங்களைத் திரையிட்டு, எந்த முடிவை ஏற்கிறீர்கள், ஏன் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதச் சொல்லலாம். விலங்குகள் வெல்லும் முடிவையே மாணவரிற் பலர் விரும்பக்கூடும். இளையோர் உள்ளம் நீதி வெல்வதை நாடுவது இயல்பு. அவ்விருப்பத்தை மறுக்க வேண்டியதில்லை. அதன்பின், மேசையைச் சுற்றியிருந்த மனிதர்கள் எங்கே போனார்கள் என்று ஆசிரியர் கேட்டால் போதும். அக்கேள்விக்கு விடைதேடும் மாணவர், தொல்காப்பியர் கூறிய பழிகரப்பு என்பதன் பொருளையும் வள்ளுவர் கூறிய ஒற்றாடலின் பொருளையும் ஒருங்கே அறிந்துகொள்வர்.